மழைப் பாடு

மேகத்தைக் கயிறு கட்டி இழுக்கலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவான், அதே மேகத்தை மறுபக்கம் நின்று இன்னொருத்தனும் இழுப்பான் என்று யோசிக்கவே இல்லை. கயிறு என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் அது ஒரு கம்பம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம், உச்சியில் குடைபோல விரிந்த கம்பிகள். அதை ஓடவிட்டால் சுற்றியுள்ள காற்றில் மின்சாரம் ஏறும், காற்று லேசாகி மேலே போகும், அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் கிடக்கும் மேகம் மெல்ல நகர்ந்து வரும். நீளமாக ஏதோ பெயர் வைத்தார்கள். ஜனங்கள் மழைக்கம்பம் என்றார்கள், அதுவே நிலைத்தது.

வடக்கே வடபட்டினம் ஒன்று நட்டது. தெற்கே தென்பட்டினம் ஒன்று நட்டது. இவர் உயரத்தைக் கூட்ட, அவரும் கூட்ட, கடைசியில் வழக்காகிப் போனது. மழை நடுவம் என்று ஒரு தீர்ப்பாயம் வைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே பலத்தில்தான் இழுக்கவேண்டும், ஒரு மயிரிழைகூடக் கூடாது என்று நடுவம் சொன்னது. நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பலன் என்ன தெரியுமா? மேகம் வரும். இரண்டு ஊருக்கும் நடுவே கடல்மேல் நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக இழுபட்டு, நகர வழி தெரியாமல், அங்கேயே உப்புத் தண்ணீரில் கொட்டித் தீர்ந்துவிடும். இரண்டு பட்டினத்திலும் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆனாலும் யாரும் கம்பத்தை நிறுத்தவில்லை. நான் நிறுத்தினால் அவனுக்குப் போய்விடுமே என்ற பயம்.

இந்த இருவருக்கும் நடுவே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் கிடக்கிற மணல்திட்டுதான் எங்கள் மடவைக்குப்பம். எங்களிடமும் ஒரு கம்பம் உண்டு. முதன்முதலில் பரிசோதனைக்காக நட்டது. பெரிய கம்பங்களின் முழங்கால் உயரம்கூட வராது. ஊரில் அதற்குக் குள்ளி என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. என் பெயர் தேசராணி. கிரீஸ் தடவவேண்டும், மாதம் ஒருமுறை கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தவேண்டும். குள்ளியால் ஒரு நல்லதும் நடக்காது, ஒரு கெட்டதும் நடக்காது என்பதால், நடுவத்தின் தீர்ப்பில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மாதம், தற்செயலாக மேகம் நின்ற நாளில் நான் குள்ளியை ஓட்டப் போனபோது, தெற்கு மேட்டில் பெண்கள் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். குள்ளியின் குடையை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் காற்று கொஞ்சம் ஈரமாகும். கருவாடு பிசுபிசுத்தால் என் பரம்பரையையே இழுத்து வைவார்கள். அதனால் வடக்கே திருப்பி ஓட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். நாள்கணக்காகக் கடல்மேல் நின்ற கருமேகம் அசைந்தது, வடக்கே சரிந்தது, போயே போய்விட்டது. அன்று சாயங்காலம் வடபட்டினத்து ஜனங்கள் தெருவில் இறங்கி நனைவதைச் செய்தியில் காட்டினார்கள். என் மகள் செண்பகம் அங்கேதான் ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். குடம், வாளி, குக்கர் எல்லாவற்றையும் மொட்டைமாடியில் வைத்து நிரப்பிவிட்டதாகப் போனில் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு பட்டினத்திலும் படித்தவர்கள் இருக்கிறார்களே, விஷயம் அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. தராசு சமமாக நிற்கும்போது ஒரு மிளகை வைத்தாலும் தட்டு சாயும். அந்த மிளகு எங்களிடம் இருந்தது.

முதலில் வடபட்டினத்திலிருந்து கோமளா என்ற அதிகாரி வந்தார். நெற்றியில் விபூதி, கையில் பழத்தட்டு, பேச்சில் தேன். மறுநாள் தென்பட்டினத்திலிருந்து ஜெயசீலன் வந்தார். கை நிறையப் படங்கள், எங்கள் ஊரில் கட்டப்போகிற துறைமுகம், ஐஸ் பேக்டரி, பள்ளிக்கூடம். கேட்டது இரண்டு பேரும் ஒன்றுதான். குள்ளியைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிட வேண்டும்.

எங்களுக்கு வேண்டியதை இரண்டு பேரும் கேட்கவில்லை. மேற்கேயிருந்து ஒரு ஆறு வந்து கழியில் சேர்கிறது. மழைக்காலத்தில் அதில் வெள்ளம் வந்து, முகத்துவாரத்தில் சேர்ந்த மணலைக் கடலுக்குள் தள்ளிவிட்டுப் போகும். வழி திறந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும், படகு வெளியே போகும். கம்பங்கள் வந்த பிறகு மேற்கே ஒரு தூறல் கிடையாது. ஆறு செத்துவிட்டது, முகத்துவாரம் மூடிக்கொண்டது, கழித்தண்ணீர் நாக்கில் வைக்க முடியாத உப்பு. இன்னும் ஒரு பருவம் இப்படியே போனால் ஊரைக் காலி செய்துகொண்டு, ஏதாவது ஒரு பட்டினத்தில் வாட்ச்மேன் வேலை தேடவேண்டியதுதான். குள்ளியை மேற்கே திருப்பி ஆற்றுக்கு மழை கொண்டுவரலாம். ஆனால் பெரிய பட்டினங்கள் இரண்டும் கம்பத்தை நிறுத்தினால்தான் அது முடியும்.

ஊர்க்கூட்டம் வலைக்கொட்டகையில் கூடியது. வடக்கே சம்பந்தம் செய்தவர்கள் வடக்கு என்றார்கள், தெற்கே மகன் வேலை பார்ப்பவர்கள் தெற்கு என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழியில இப்பிடித்தான் வலை வுடறீங்களா?" என்றேன். "எவனுக்கு மச்சான் ஜாஸ்தியோ அவன் வுட்டுக்கலாம்னா? பாடு வெச்சித்தான வுடறோம். மழைக்கும் பாடு வைங்க."

ஊர்த்தலைவர் வேம்புலி அண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் மீசையைத் தடவினார். கடைசியில் ஊரே என் பக்கம் வந்தது.

அடுத்த வாரம் இரண்டு அதிகாரிகளையும் ஒன்றாக வரச்சொல்லி, கொட்டகையில் எதிரெதிரே உட்காரவைத்தோம். இரண்டு பேர் காதிலும் 'செவி' மாட்டியிருந்தது. பேச்சுவார்த்தைக்கு வருகிற அதிகாரிகள் எல்லோரும் அதை மாட்டியிருப்பார்கள். நாம் பேசுவதைக் கேட்டு, அவரவருக்குச் சொன்னதை நல்ல தமிழாக்கி அவரவர் காதில் ஓதும். மொத்தப் பேச்சையும் மழை நடுவத்துக்கு அனுப்பும். காதில் கேட்டதை ஒப்புக்கொண்டு விரலால் அழுத்தினால், பேசியது முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். சட்டமே அப்படித்தான்.

"பாடுன்னா என்னங்க?" என்று கேட்டார் கோமளா.

"மொறைங்க," என்றார் வேம்புலி அண்ணன். "கழியில மீன் நிக்கிற எடம் கம்மி. எல்லாரும் ஒண்ணா வலை வுட்டா அடிதடிதான். அதனால ஒரு நாளு ஒரு கூட்டத்துக்குப் பாடு. மறுநாளு இன்னொரு கூட்டம். பாடு இல்லாதவன் கரையில குந்தி வேடிக்க பாக்கணும். பெரிய வலை, சின்ன வலைன்னு வித்தியாசம் கெடையாது."

கோமளா கவனமான அதிகாரி. காதைத் தொட்டு, "பாடு என்றால் முறை. வட்டாரச் சொல். சேர்த்துக்கொள்," என்றார். செவி 'டிங்' என்றது. நடுவத்தில் எல்லாச் செவிக்கும் ஒரே அகராதிதான் என்பதால் ஜெயசீலனின் காதிலும் 'டிங்' கேட்டது.

"ஒரு மேகம் வடக்க. ஒரு மேகம் தெக்க. ஒரு மேகம் எங்களுக்கு, மேக்கால," என்றேன் நான். "எங்க பாட்டுல நீங்க ரெண்டு பேரும் கம்பத்த நிறுத்திட்டுக் குந்தணும்."

ஜெயசீலன் சிரித்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க ஊர்ல எத்தனை பேர் இருப்பீங்க? எங்க ஊர்ல ஒரு தெருவுக்குக் காணாது. உங்களுக்கு மூணுல ஒரு பங்கு வானமா?"

"வானத்த தல எண்ணியா குடுத்தாங்க?"

"கம்பம்னு சொல்லிக்கக்கூட முடியாத ஒண்ண வச்சுக்கிட்டு..."

"அப்ப அத்தக் கேட்டு ஏன் வந்தீங்க?" என்றேன். "வேணாம்னா போங்க. குள்ளி சும்மா நிக்கும். எங்களுக்கு மழ இல்லாம பழகிப்போச்சி. உங்களுக்கு?"

அதற்குப் பிறகு குள்ளியை ஓட்டவில்லை. மேகம் வந்தது, நின்றது, கடலில் பெய்தது. அடுத்ததும் வந்தது, நின்றது, பெய்தது. இரண்டு பட்டினமும் ஆளுக்கொரு ரோந்துப் படகை எங்கள் கரைக்கு அனுப்பினார்கள். குள்ளியை வடக்கத்தியார் பிடுங்கிவிடாமல் தெற்கத்தியாரும், தெற்கத்தியார் பிடுங்கிவிடாமல் வடக்கத்தியாரும் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு இவ்வளவு பந்தோபஸ்து எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. எங்கள் பெண்கள் இரண்டு படகுக்கும் மீன்குழம்பு விற்றார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, செண்பகம் போன் செய்யும்வரை.

"ம்மா, நீ பண்றது உனக்கே நல்லாருக்கா?" என்றாள். "கீய தண்ணி லாரியாண்ட சண்டையில பக்கத்து வூட்டு அக்காவுக்கு மண்ட ஒடஞ்சிடுச்சி. புள்ளைக்கு உடம்பு பூரா வேர்க்குரு, குளிப்பாட்டத் தண்ணி இல்ல. ஒரே ஒரு தபா இந்தப் பக்கம் திருப்பேன்."

"திருப்புனா தெக்கால எவ மண்டையாவது ஒடையும்டி."

"அவ யாருன்னு உனக்குத் தெரியுமா? என்னைத் தெரியும் இல்ல?"

அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கால் தன்னால் குள்ளியிடம் போயிற்று, கை தன்னால் குடையின் திருகுபிடியைத் தொட்டது. வடக்கே ஒரு சுற்று சுற்றினால் போதும், என் பேத்தி குளிப்பாள். அழுதுகொண்டே வேம்புலி அண்ணன் வீட்டுக்கு நடந்து, குள்ளியின் சாவியை அவர் கையில் வைத்தேன். "நானே வந்து கேட்டாலும் குடுக்காத," என்றேன். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த முறை இரண்டு அதிகாரிகளும் ஒரே படகில் வந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அவர்கள் சண்டை போடுகிறவரை எங்களுக்கு மதிப்பு. இருவரும் கைகோத்துக்கொண்டால் குள்ளி பழைய இரும்புதான், நாங்களும்தான்.

"நேரா சொல்லிடறேன்," என்றார் ஜெயசீலன். மணலில் நின்றபடியே பேசினார், கொட்டகைக்குள் வரக்கூட இல்லை. "நாங்க ரெண்டு பேரும் எங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கப் போறோம். அப்புறம் உங்க கம்பத்துக்கு இங்க வேலை இல்லை. கழட்டி எடுத்துட்டுப் போயிடுவோம். கடைசியா ஒரு வாய்ப்பு தர்றோம்."

பயம் இருந்தாலும் வாய் அடங்கவில்லை.

"முடிச்சிக்கோங்க," என்றேன். "அது உங்க பாடு."

ஜெயசீலன் ஏதோ சொல்லவந்து நிறுத்தினார். கை காதுக்குப் போயிற்று.

கோமளா ஓரடி முன்னால் வந்தார். "அவர் சொன்னா சொன்னதுதான்னு நினைக்காதீங்க. நாங்க என்ன செய்யணும்னு..."

"உங்களுக்கும் அதேதாங்க. நீங்க அவரோட சேருவீங்களோ, சேராம போவீங்களோ, அது உங்க பாடு. எங்க பாட்ட நாங்க பாத்துக்கறோம்."

கோமளாவின் கையும் காதுக்குப் போயிற்று. என்ன மாயமோ, வந்தபோது இருந்த விறைப்பு இரண்டு முகத்திலும் காணாமல் போய், ஆளுக்கொரு குட்டிச் சிரிப்பு முளைத்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேரும் அவரவர் கருவியை விரலால் அழுத்தினார்கள். "சந்தோஷம்மா," என்றார் ஜெயசீலன். "ரொம்ப நன்றி," என்றார் கோமளா. வந்த படகிலேயே திரும்பினார்கள். ஒருவர் முன்முனையிலும் ஒருவர் பின்முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சொல்லிட்ட ராணி, இப்பிடி வாலச் சுருட்டிகினு போறாங்க?" என்று கேட்டார் வேம்புலி அண்ணன். எனக்கும் புரியவில்லை.

புரியவைத்தது மழை நடுவம். மறுநாள் மதியம் அறிவிப்பு வந்தது. கடையில் இருந்த டிவியில் ஊரே நின்று கேட்டது. மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டபடி முதல் மேகம் தென்பட்டினத்தின் முறை, இரண்டாவது வடபட்டினத்தின் முறை, மூன்றாவது மடவைக்குப்பத்தின் முறை, அதன்பின் மீண்டும் அதே வரிசை. ஒருவர் முறையில் மற்றவர் கம்பத்தை ஓட்டினால், ஓட்டியவரின் கம்பத்துக்கு ஒரு பருவம் முழுக்க சீல்.

'அது உங்க பாடு' என்று நான் எரிந்து விழுந்ததை, 'அது உங்கள் முறை' என்று செவி இரண்டு பேர் காதிலும் ஓதியிருக்கிறது. இவள் மிரண்டுபோய் நம் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று ஆளுக்கு ஆள் நினைத்து, மற்றவருக்குத் தெரியாமல் செவியை அமுக்கிவிட்டார்கள். 'எங்க பாட்ட நாங்க பாத்துக்கறோம்' என்றதும் நடுவத்துக்குப் போயிருக்கிறது. அது எங்கள் முறையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று ஆகிவிட்டது. நான் திட்டம் போட்டுப் பேசியதாக ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சத்தியமாக இல்லை. கோபத்தில் வந்த வார்த்தை. உங்கள் தலையெழுத்து, எப்படியோ போங்கள் என்பதுதான் நான் சொன்னது.

இரண்டு பட்டினமும் குதித்தன. வழக்குப் போடுவோம் என்றார்கள். ஆனால் ஒருவர் மீறினால் அவர் கம்பத்துக்கு சீல், எதிராளிக்குப் பாதி வானம். அதை நினைத்தே இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். முதல் மேகம் தெற்கே போயிற்று. இரண்டாவது வடக்கே போயிற்று. செண்பகம் குழந்தையைக் குளிப்பாட்டுகிற படம் அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் இல்லை. அவள் கோபம் தீர இன்னும் நாளாகும் என்று புரிந்தது.

மூன்றாவது மேகம் எங்களுடையது.

அன்று காலை ஊர் திருவிழாவுக்குக் கிளம்பியதுபோல இருந்தது. கடல்மேல் கருகருவென்று மேகம். வடக்கிலும் தெற்கிலும் கம்பங்கள் ஓய்ந்துவிட்டன என்று நடுவம் சொல்லிவிட்டது. கோமளாவும் ஜெயசீலனும் வந்து, பாடு இல்லாதவர்களுக்குரிய வழக்கப்படி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காற்று திரும்புவதற்குள் ஓட்டவேண்டும், திரும்பிவிட்டால் மேகம் கலைந்துவிடும், எங்கள் முறையும் போய்விடும். வேம்புலி அண்ணன் சாவியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். எண்ணெய் போட்ட தலையோடு குள்ளியிடம் போனேன்.

குள்ளியைச் சுற்றியுள்ள வேலிக்குள், அதன் காலடியில், கன்னிம்மா உட்கார்ந்திருந்தாள். அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் குழந்தைகள், ஒரு ஆட்டுக்குட்டி. ஆற்றங்கரைத் தாழ்வில் குடிசை போட்டிருக்கிற இருளர் ஜனங்கள். வலை கிடையாது, முட்டியளவு தண்ணீரில் நடந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள். எங்கள் ஊராரிடம் அவர்கள் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

வேலிக்குள் ஆள் இருந்தால் குள்ளி ஓடாது. உடம்புச்சூடு தெரிந்தால் தானாகவே அணைந்துவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

"இன்னா கன்னிம்மா, வெளையாட்டா? எயிந்து வா," என்றார் வேம்புலி அண்ணன்.

"வெளையாட்டு இல்லீங்க," என்றாள். "ஆத்துல வெள்ளம் வந்தா நல்லதுதாங்க. எங்களுக்கும் எறால் வோணும். ஆனா அந்த வெள்ளம் எங்க குடிசை மேல ஏறித்தான கழிக்கு வரும்? யாருனா எங்களாண்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் முகத்துவாரத்தைப் பற்றிப் பேசினோம், படகைப் பற்றிப் பேசினோம், மேளம் வைப்பதா வேண்டாமா என்றுகூடப் பேசினோம். நடுவில் இருக்கிற இவர்களைப் பற்றி ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

"இப்ப சொல்றோம், போதுமா? ஏறிப்போயி மேட்டுல நில்லுங்க," என்றார் அண்ணன்.

"மேட்டுல எங்க நிக்கறது? மேடு பூரா உங்க வூடு. கொட்டாயத் தொறந்து வுடுங்க. புள்ளைங்க, ஆடு, சட்டிபானை எல்லாம் ஏத்திட்டு, அப்பறம் ஓட்டுங்க. கழியில எங்களுக்கும் ஒரு பாடு வோணும். நீங்க வாரிகினு போன மிச்சத்தத் தடவறது போதும்ங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. "வலைக்கொட்டாய்க்குள்ளயா?" என்றது ஒரு குரல். "நாலு பேரா புடிச்சி வெளிய இழுத்துப் போடுங்க," என்றது இன்னொன்று.

"போடுங்க," என்றாள் கன்னிம்மா. "திரும்பி உள்ள வருவோம். வேலி ஏறத் தெரியாதவங்களா நாங்க?"

கரையிலிருந்து ஜெயசீலன் கூப்பிட்டார். அவர் குரலில் சர்க்கரை சொட்டியது. "காத்து மாறுற மாதிரி இருக்கேம்மா. உங்க முறை போயிடுச்சுன்னா அடுத்தது எங்களோடதுதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜெயசீலன் மேல் இல்லை, கன்னிம்மா மேல். பார்த்துப் பார்த்து இந்த நாளைத்தானா பிடித்தாள் என்று ஆத்திரம். 'நீங்க எத்தினி பேரு இருப்பீங்க' என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் அது யார் கேட்ட கேள்வி என்று உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. இந்த நாளைவிட்டால் அவளுக்கு வேறு எந்த நாள்? வேறு எந்த நாளில் இவள் சொன்னால் நாங்கள் நின்று கேட்டிருப்போம்?

நான் கொட்டகைக்குப் போனேன். கதவை ஒருக்களித்துத் திறந்து, உள்ளே குவிந்திருந்த வலைகளை வாரி வெளியே மணலில் போட ஆரம்பித்தேன்.

"ராணி, இன்னா பண்ற நீ?" என்று பின்னாலேயே வந்தார் வேம்புலி அண்ணன்.

"எடம் பண்றேன்."

"ஊரக் கேக்காம..."

"ஊரக் கேட்டு முடிக்கறதுக்குள்ள காத்து திரும்பிடும். நீ ஒரு பக்கம் புடி, கனமா கீது."

அவர் பிடிக்கவில்லை. கருவாட்டுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். அவர்களுக்கும் மனசு வந்து பிடிக்கவில்லை, மேகம் போய்விடும் என்ற பயம்தான். அது போதும். கொட்டகை காலியானதும் தாழ்விலிருந்து பெட்டி, பாய், சட்டி, கோழி என்று ஒவ்வொன்றாக ஏறி வந்தன. எங்கள் பையன்களில் சிலர் ஓடிப்போய்க் கிழவர்களைத் தூக்கிவந்தார்கள். வேலிக்குள் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கன்னிம்மா மட்டும் அசையவில்லை.

"அதான் தொறந்தாச்சே," என்றேன்.

"பாடு?"

"அத்த அப்பறம் பேசிக்கலாம்," என்றார் அண்ணன்.

"அப்ப நானும் அப்பறம் எயிந்திரிக்கறேன்ங்க."

அலைப்பக்கமிருந்து வந்த காற்று ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் வீசியது. ஊரே மேலே பார்த்தது. வேம்புலி அண்ணன் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவருக்கு அது எவ்வளவு கசந்தது என்று முகத்தில் தெரிந்தது. "அமாவாசைக்கு மறுநாளு கழி உங்களுது," என்றார். "நாங்க எவனும் வலைய நனைக்க மாட்டோம். எல்லாரும் கேட்டுக்கோங்க."

கன்னிம்மா எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, நிதானமாக வெளியே நடந்தாள். நான் வேலிக்கு வெளியே இருக்கிற திருகுபிடியால் குடையை மேற்கே திருப்பிச் சாவியைப் போட்டேன். குள்ளி வழக்கம்போல இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மேகத்தின் ஒரு ஓரம் எங்கள் தலைக்கு மேலாக மேற்கே நீண்டது. பின்னாலேயே மொத்த மேகமும் வந்தது. ஜெயசீலன் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு படகுக்கு ஓடினார். கோமளா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துகொண்டு, ஆற்றுப்பக்கம் பார்த்தபடி இருந்தார்.

ஆறு சாயங்காலம் வந்தது. சேறும் முள்ளும் வைக்கோலுமாகப் புரண்டு வந்து, தாழ்வில் இருந்த குடிசைகளை ஒன்று விடாமல் வழித்துக்கொண்டு கழிக்குள் இறங்கியது. உள்ளே ஆள் இருந்திருந்தால் ஒருத்தரும் தப்பியிருக்க முடியாது. ஊரில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் முகத்துவாரத்து மணல் சரிந்து, கலங்கல் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தது. பையன்கள் கூவிக்கொண்டு கரையில் ஓடினார்கள். வேம்புலி அண்ணன் அழுதார். நானும்தான்.

பிறகு கொட்டகைக்குப் போனேன். கன்னிம்மா வாசலில் அடுப்பு மூட்டி, ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் புகை. அவள் குடிசை போய்விட்டது, எங்கள் முகத்துவாரம் திறந்துவிட்டது. ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"அடுத்த தபா எங்க பாடு வரும்போது, முன்னாடியே உனக்கு ஆள் வுட்டு சொல்லி அனுப்பறேன் கன்னிம்மா," என்றேன்.

அவள் ஊதுவதை நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சொல்லி அனுப்பாத," என்றாள். "நீ வந்து கேளு."